உனக்கு எதுக்கு?

ஜூன் 9

அண்ணிக்கு,

போன் பண்ணாமல் கடிதம் எழுதுகிறாளே, இவளுக்கு என்ன வந்தது என்று நினைப்பீர்கள். அதுவும் வீட்டு முகவரிக்கு இல்லாமல் பள்ளிக்கூட முகவரிக்கு. உங்கள் வீட்டில் போன் அடித்தால் அண்ணன்தான் எடுப்பார், எடுத்த கையோடு ஸ்பீக்கரில் போடுவார். நான் சொல்லப்போவது ஸ்பீக்கரில் சொல்கிற விஷயம் இல்லை. நேரில் சொன்னாலும் நீங்கள் "முதல்ல சாப்பிடு" என்று எழுந்து போய்விடுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பாருங்கள்.

மூன்று வாரமாகத் துளித்துளியாக ரத்தம் படுகிறது. சிகிச்சை முடிந்து பத்து மாதம் ஆகிறது. மூன்றாம் மாதம் உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்து காட்டிவிட்டுப் போனேன். அதன்பின் இரண்டு முறை போகவில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற சீசன், நானூறு சீருடை, தையல்கடை அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். எனக்கும் ஆஸ்பத்திரி வாசனை என்றாலே குமட்டியது. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரத்தத்தைப் பார்த்ததும் குலை நடுங்கிவிட்டது. போன வருஷமும் இப்படித்தானே ஆரம்பித்தது.

இங்கே உள்ள ஆஸ்பத்திரிக்குப் புற்றுநோய் டாக்டரம்மா செவ்வாய்தோறும் வருகிறார். போனேன். படுக்கச் சொல்லி, கருவியை வைத்துப் பார்க்க முயன்றார். எனக்குக் கண்ணில் பொறி பறந்தது. இன்னும் சின்னதாக ஒன்றை எடுத்தார். அதுவும் போகவில்லை. விரல் நுனிகூடப் போகவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "கதிர் வெச்ச இடம் சுருங்கி ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்மா. டைலேட்டர் போடலையா நீங்க?"

"அப்படின்னா?"

"வழவழன்னு பிளாஸ்டிக் உருளை. சின்னதுல இருந்து பெருசு வரைக்கும் நாலு இருக்கும். துணிப்பையில போட்டுக் குடுத்திருப்பாங்களே."

அண்ணி, எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அதுவா? அது கடையில இருக்கு டாக்டர். நாடா திருப்பறோம்" என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். நைட்டிக்குத் தோள்நாடா தைத்தால், தைத்த துணிக்குழலை உள்வெளியாகத் திருப்ப வேண்டும். சின்ன உருளை அந்த வேலைக்கென்றே செய்த மாதிரி இருந்தது. பெரியதில் எலாஸ்டிக் சுற்றி வைத்திருக்கிறோம். மற்ற இரண்டும் நூல்கண்டுப் பெட்டியில் கிடக்கின்றன. டாக்டரம்மா ஒரு நொடி சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை. உள்ளே பார்த்தால்தான் ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியுமாம். கதிரில் வெந்த சதையிலிருந்தும் வரலாம், நோய் திரும்பியும் வந்திருக்கலாம். இப்போது பார்க்க வழியே இல்லை. மயக்கம் கொடுத்துத்தான் பார்க்க வேண்டுமாம்.

நர்ஸ் அந்தப் பையைக் கொடுத்தது உங்கள் கையில். கடைசிக் கதிர் முடிந்து நான் அரைமயக்கத்தில் கிடந்தேன். காரில் வரும்போது "அண்ணி, இந்தப் பையில என்ன?" என்று கேட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீங்கள் சாலையைப் பார்த்துக்கொண்டே, "அது ஒண்ணுமில்ல. எல்லாருக்கும் பொதுவாக் குடுக்கிறது. உனக்கு எதுக்கு அது?" என்றீர்கள். பை மட்டும் என் துணிமணியோடு ஊர் வந்து சேர்ந்தது.

ஒரே கேள்வி. அந்த நர்ஸ் உங்களிடம் என்ன சொன்னார்?

உங்கள் நாத்தனார்


ஜூன் 16

வாயாடிக்கு,

உன் கடிதத்தைப் பியூன் ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் நீட்டினார். "யாருப்பா, இந்த வயசுல காதல் கடிதமா?" என்று கணக்கு டீச்சர் கேட்க, ஒரே சிரிப்பு. நானும் சிரித்துவைத்தேன். அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு மூன்று பீரியட் பாடம் எடுத்தேன். மத்தியானம் ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்துதான் பிரித்தேன்.

ரத்தம் என்றதும் எனக்கும் அதே பயம்தான்.

நீ கேட்டதற்குச் சொல்கிறேன். அன்றைக்கு அங்கே எவ்வளவு கூட்டம் என்று உனக்குத் தெரியாது, நீ கண்ணைத் திறக்கவே இல்லை. மருந்துச் சீட்டு ஒரு பக்கம், சக்கர நாற்காலியைத் திருப்பிக் கேட்பவன் ஒரு பக்கம், கீழே கார்க்காரன் ஹாரன். அந்த நர்ஸ் நின்ற நிலையில் ஏதோ சொன்னாள். "தேவைப்பட்டா உபயோகிக்கலாம்" என்கிற மாதிரிதான் சொன்னாள். நான் உனக்குத் தேவைப்படாது என்று நினைத்தேன். அதற்குள் இவ்வளவு விஷயம் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? முக்கியமானதாக இருந்தால் அவள்தானே உட்கார வைத்து ஒழுங்காகச் சொல்லியிருக்க வேண்டும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது. ஏழு வாரம் நீ என் வீட்டில் இருந்தாய். அதில் கதிர் மட்டும் இருபத்தைந்து நாள், அதோடு வாரம் ஒரு ஊசி மருந்து, கடைசியில் மூன்று தடவை உள்ளேயே வைக்கிற கதிர். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் குடலுக்குக் கதிர் படாது என்று, அளவு போட்ட பாட்டிலில் உனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, "இன்னும் ரெண்டு மடக்கு, இன்னும் ரெண்டு மடக்கு" என்று பக்கத்தில் நின்றது யார்? இயந்திரம் பழுது என்று அவர்கள் ஒரு மணி நேரம் தாமதித்தபோது, நீ அடக்க முடியாமல் அழுதபோது, வாசலில் போய்ச் சண்டை போட்டது யார்? ராத்திரி பத்து தடவை நீ கழிவறைக்கு ஓட, நானும் எழுந்து விளக்கைப் போடுவேன். காலையில் ஏழு ஐம்பதுக்குப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். உன் அண்ணன் நல்ல மனிதர், ஆனால் துரும்பைக் கிள்ளிப் போடத் தெரியாது. நான் குறை சொல்லவில்லை. ஓய்ந்து போயிருந்தேன் என்றுதான் சொல்கிறேன்.

இங்கே வந்துவிடு. மயக்கம் கொடுத்துப் பார்ப்பதை இங்கேயே பார்த்துக்கொள்ளலாம். அண்ணனிடம் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன்.

அண்ணி


ஜூன் 24

அண்ணிக்கு,

வரவில்லை. ஜூலை 11 காலையில் இங்கேயே மயக்கம் கொடுத்துப் பார்க்கிறார்கள். சந்தேகப்படுகிற இடத்தில் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்களாம். அதன் முடிவுக்குப் பத்து நாள். நோய் திரும்பியிருந்தால் இனிமேல் அதே இடத்தில் கதிர் வைக்க முடியாது, பெரிய அறுவைசிகிச்சை, மூத்திரப்பை மலக்குடல் எல்லாமே போகலாம் என்று டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார். நான்தான் மறைக்காமல் சொல்லுங்கள் என்று கேட்டேன். இரண்டு நாளாக ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை.

ஸ்கேனுக்காக அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என்னோடு இன்னும் இரண்டு பேர். ஒருத்தி கோழிப்பண்ணையில் வேலை பார்க்கிறவள். வயிறு உப்பிக்கொண்டே போக, வாயு என்று ஆறு மாதம் மாத்திரை விழுங்கியிருக்கிறாள். கடைசியில் பார்த்தால் சினைப்பையில் கட்டியாம். இன்னொருவர் தபால் ஆபீஸில் ஓய்வு பெற்றவர். தீட்டு நின்று ஒன்பது வருஷம் கழித்து ரத்தம் பட்டிருக்கிறது. மறுநாளே ஓடி வந்துவிட்டார். கர்ப்பப்பையின் உள்சுவரில் இருந்ததாம், எடுத்துப் போட்டாயிற்று, ஊசிகூட வேண்டாம் என்றார்களாம். எனக்குப் பொறாமையாக இருந்தது. என்னுடையதையும் வெட்டி எடுங்கள் என்று போன வருஷம் நான் கெஞ்சியது ஞாபகம் இருக்கிறதா? கர்ப்பப்பை வாயிலிருந்து பக்கத்துச் சதைக்குப் பரவிவிட்டது, இனி கத்தி போட்டுப் பிரயோஜனமில்லை, கதிர்தான் என்றார்கள். எல்லாவற்றுக்கும் ஊர்க்காரர்கள் வைத்திருக்கிற பெயர் ஒன்றே ஒன்றுதான், கர்ப்பப்பை கேன்சர். அதையும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சொல்வார்கள்.

அதெல்லாம் இருக்கட்டும். போன செவ்வாய் டாக்டரம்மா என் ஃபைலைப் புரட்டினார். வீட்டுக்கு அனுப்பின நாளின் தாள் ஒன்று. வரிசையாகக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் டிக். அதில் ஒரு வரி: டைலேட்டர் பயிற்சி, செய்முறை முழுவதும் உறவினருக்கு விளக்கப்பட்டது. கீழே உங்கள் கையெழுத்து. பக்கத்தில் தேதி. எத்தனை பிள்ளைகளின் ரேங்க் கார்டில் போட்ட கையெழுத்து, எனக்குத் தெரியாதா? கொம்பு சுழித்து, அடியில் கோடு போட்டு, நிதானமாகப் போட்டிருக்கிறீர்கள். கார்க்காரன் ஹாரன் அடித்த அவசரம் அதில் இல்லை.

"உனக்குத் தேவைப்படாது என்று நினைத்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். என் வீட்டுக்காரர் இறந்த மறுமாதம் அண்ணன் என் இரட்டைக் கட்டிலை விற்றார். "தனி ஆளு, உனக்கு எதுக்கு இவ்வளவு பெருசு? இடத்தை அடைக்குது" என்றார். நீங்கள் பக்கத்தில் நின்று ஒற்றைக் கட்டிலுக்கு அளவு சொன்னீர்கள். நானும் சரி என்றேன். முப்பத்தைந்து வயதில் சரி என்றேன் அண்ணி. அந்தக் கட்டிலில் ஆறு வருஷமாகச் சுவர்ப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறேன். கட்டில் போனால் போகட்டும். இது என் உடம்பு. எனக்கு எது வேண்டும் வேண்டாம் என்று கார் சவாரி முடிவதற்குள் நீங்கள் எப்படி முடிவு பண்ணினீர்கள்?

நீங்கள் எனக்குச் செய்ததையெல்லாம் மறக்கவில்லை. அந்தத் தண்ணீர் பாட்டில் கனவில்கூட வருகிறது. அதனால்தான் வாயை அடக்கிக்கொண்டு எழுதுகிறேன், இல்லாவிட்டால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

பொய் சொல்லாமல் எழுதுங்கள்.


ஜூலை 1

உனக்கு,

ஆறு தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஏழாவது.

அவள் சொன்னாள். உட்கார வைத்துத்தான் சொன்னாள். கண்ணாடி போட்ட அந்த நர்ஸ், நீ படுத்திருந்த அறைக்குப் பக்கத்து அறையில், கதவைச் சாத்திவிட்டு, ஒவ்வொரு உருளையாக எடுத்துக் காட்டிக் கால் மணி நேரம் சொன்னாள். எனக்கு முகமெல்லாம் தீயாக எரிந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவள் சட்டைப் பையில் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் குறுக்கே பேசினேன். "சிஸ்டர், அவளுக்கு வீட்டுக்காரர் இல்லை, தவறிட்டார்" என்றேன். அத்தோடு நிறுத்துவாள் என்று நினைத்தேன். அவள் நிறுத்தவில்லை. "புருஷன் இருந்தாலும் இல்லாட்டியும் செய்யணும்மா. இது புருஷனுக்காக இல்ல. பின்னால நாங்க உள்ள பார்க்க முடியணும். அவங்களும் நல்லா இருக்கணும்" என்றாள். அந்த வாக்கியத்தை நான் கேட்டேன். காதில் விழவில்லை என்று சொல்ல மாட்டேன். கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்குப் போய் நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் நீ வாந்தி எடுத்தாய். அதற்கு மறுநாள் அண்ணன் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார். அப்புறம் உன்னை பஸ் ஏற்றிவிட வந்தோம். பஸ் கிளம்புகிறவரை நாக்கு நுனியில் இருந்தது. ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன். போகப் போக, அவளுக்கு எதற்கு அது, தேவையில்லாமல் அவள் மனசைக் கிளறுவானேன் என்று எனக்கு நானே ஒரு நியாயம் கட்டிக்கொண்டேன். நல்ல நியாயமாகத்தான் இருந்தது, உன் கடிதம் வருகிறவரை.

நான் அறிவியல் டீச்சர். இருபத்தாறு வருஷம். பத்தாம் வகுப்பில் மனித இனப்பெருக்கம் என்று ஒரு பாடம் வரும். ஒவ்வொரு வருஷமும் அந்தப் பக்கம் வந்ததும் "இது ஈஸிதான், வீட்டுல படிச்சுக்கங்க" என்று பக்கத்தைத் திருப்பிவிடுவேன். பிள்ளைகள் குனிந்து சிரிக்கும். படம் மட்டும் பரீட்சைக்கு வரும் என்று மனப்பாடம் பண்ணிப் பாகம் குறித்துவிடும். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இரண்டு பெற்றிருக்கிறேன். அந்த இடத்தின் பெயரை இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை, டாக்டரிடம்கூட. "கீழே" என்பேன். உன் அண்ணனிடம் அதுகூடச் சொன்னதில்லை.

நோய் திரும்பியிருந்தால் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. நேற்று விடைத்தாள் திருத்தும்போது ஒரே தாளுக்கு இரண்டு தடவை மதிப்பெண் போட்டேன்.

11ஆம் தேதி நான் வருகிறேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்லாதே.

அண்ணி


ஜூலை 4

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. நிஜத்தை எழுதினீர்கள், அதுவரைக்கும் சரி. படித்துவிட்டுக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அடித்துப் போட்ட மாதிரி களைப்புத்தான் வந்தது. கடையில் துணிமூட்டை மேல் சாய்ந்து தூங்கிவிட்டேன், அக்கா எழுப்பவில்லை.

11ஆம் தேதி நீங்கள் வர வேண்டாம். கூட இருக்க ஆள் இருக்கிறது. பட்டன் கடைக்காரர் வருகிறார். யார் என்று புருவத்தைத் தூக்க வேண்டாம். எங்கள் கடைக்குப் பட்டனும் ஜிப்பும் நூலும் போடுகிறவர். மனைவி இறந்து நான்கு வருஷம். போன வருஷம் நான் சிகிச்சைக்கு வந்திருந்தபோது, வாரா வாரம் கடை அக்காவிடம் "மேடம் எப்படி இருக்காங்க?" என்று கேட்பாராம். மேடமாம்! திரும்பி வந்ததும் ஒருநாள், எனக்குச் சம்மதம் என்றால் சேர்ந்து இருக்கலாமா என்று கேட்டார். இந்த உடம்பை வைத்துக்கொண்டு என்ன பதில் சொல்வது என்று விட்டுவிட்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை. பட்டன் மட்டும் எண்ணிக்கையில் இரண்டு அதிகமாக வரும்.

இது தெரிந்திருந்தால் அந்தப் பை எதற்கென்று சொல்லியிருப்பீர்களா என்று யோசித்தேன். அப்போது பையையே ஒளித்து வைத்திருப்பீர்கள் என்று தோன்றியது. தப்பாக நினைத்திருந்தால் மன்னியுங்கள்.

எனக்கு உங்களிடமிருந்து ஒன்று வேண்டும். மயக்கத்தில் ஒட்டுகளைப் பிரித்துவிட்டால், பார்த்த அளவில் நோய் தெரியாவிட்டால், உடனே டைலேட்டர் ஆரம்பிக்க வேண்டுமாம், விட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளுமாம். இங்கே சொல்லித் தருவார்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நர்ஸ் எனக்காகச் சொன்னது உங்களிடம் இருக்கிறது. கால் மணி நேரம் சொன்னார் என்றீர்களே, அது என் சொத்து. அதை எழுதி அனுப்புங்கள். "கீழே", "அந்த இடம்" என்றெல்லாம் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.


ஜூலை 7

வாயாடிக்கு,

ஆய்வகத்தைப் பூட்டிக்கொண்டு எழுதுகிறேன். எலும்புக்கூடு ஒன்றுதான் துணை. அதற்கும் வெட்கமில்லை, இன்றைக்கு எனக்கும் இல்லை.

பதினொரு மாதம் ஆகியும் அவள் சொன்னதில் ஒரு சொல்கூட எனக்கு மறக்கவில்லை. மறக்கத்தான் எவ்வளவோ முயற்சி பண்ணினேன். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"கதிர் முடிஞ்சு நாலு வாரம் கழிச்சு, டாக்டரைக் கேட்டுட்டு ஆரம்பிக்கணும். வாரத்துக்கு மூணு நாள். அவசரமில்லாத நேரமாப் பார்த்துக் கதவைத் தாழ் போட்டுக்கணும், யாரும் தட்டக்கூடாது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, அகட்டி வெச்சுக்கணும். சின்ன உருளை மேல ஜெல் தாராளமாத் தடவணும். தண்ணியில கரையற ஜெல், எண்ணெய் வேண்டாம். மூச்சை இழுத்து மெதுவா வெளிய விடணும். விடும்போது உருளையை யோனிக்குள்ள மெள்ள, முதுகுப் பக்கமாச் சாய்ச்சுக் கொண்டுபோகணும். முட்டிக்கிட்டா தள்ளக்கூடாது. அங்கேயே நிறுத்தி நாலு மூச்சு விட்டுட்டு மறுபடி பார்க்கணும். எவ்வளவு போகுதோ அன்னிக்கு அவ்வளவு போதும். பத்து நிமிஷம் அப்படியே இருக்கட்டும். அதுவரைக்கும் பாட்டுக் கேட்கட்டும், படிக்கட்டும், அதையே நினைச்சுக்கிட்டுக் கிடக்க வேண்டாம். எடுக்கும்போது லேசாச் சுத்திச் சுத்தி எடுக்கணும். சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவித் துடைச்சு வைக்கணும். ஒரு பொட்டு ரத்தம் பட்டா பயப்பட வேண்டாம். அதுக்கு மேல போனா, காய்ச்சல் வந்தா, நாத்தம் அடிச்சா, மறுநாள்னு தள்ளாம வரணும். சின்னது வலி இல்லாமப் போக ஆரம்பிச்சதும் அடுத்த அளவு. மாசக்கணக்குல ஆகும், வருஷமும் ஆகும். அழுகை வரும். அழுதுட்டுச் செய்யச் சொல்லுங்க."

கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒன்று சொன்னாள். "சின்ன வயசு. இனிமே தன் உடம்பு தனக்கு இல்லைன்னு நினைச்சுடுவாங்க. அப்படி இல்லைன்னு நீங்க சொல்லுங்கம்மா." இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், இதைத்தான் நான் முழுங்கினேன்.

பின்பக்கம் படம் வரைந்திருக்கிறேன். யோனி, கர்ப்பப்பை வாய், கர்ப்பப்பை, கருக்குழாய், சினைப்பை. உனக்கு நோய் இருந்த இடத்தைப் பென்சிலால் நிழலிட்டிருக்கிறேன். உருளை எந்தச் சாய்வில் போக வேண்டும் என்று அம்புக்குறி போட்டிருக்கிறேன்.

நேற்று உன் அண்ணனிடம் சொன்னேன். எல்லாவற்றையும், கையெழுத்து உட்பட. டிவியை நிறுத்திவிட்டுச் சொன்னேன். மனிதர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார், வந்து உட்கார்ந்தார், மறுபடி எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

பட்டன் கடைக்காரர் விஷயத்தில் நீ நினைத்தது சரிதான். ஒளித்துத்தான் வைத்திருப்பேன். அதை ஒத்துக்கொள்வதுதான் இந்தக் கடிதத்தில் எனக்குக் கஷ்டமாக இருந்த வரி, மற்றதெல்லாம் எழுத எழுத வந்துவிட்டது.

அண்ணி


ஜூலை 25

அண்ணிக்கு,

போனில் சொன்னேன்தான். ஆனாலும் எழுத்தில் ஒருமுறை எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. நோய் இல்லை. எடுத்த சதையில் எதுவும் இல்லை. கதிரில் மெலிந்த தோலில் சின்னச் சின்ன ரத்தநாளம் வெடித்துக் கசிந்ததாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்தே ஆக வேண்டும், சீசனாவது மண்ணாவது என்று டாக்டரம்மா திட்டி அனுப்பினார். சந்தோஷமாகக் குதிக்கலாம் என்றால் தெம்பில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வர வேண்டாம் என்று எழுதியும் 11ஆம் தேதி நீங்கள் வந்து நின்றீர்கள். அப்போது எனக்குப் பேசும் நிலை இல்லை, அதனால் இப்போது சொல்கிறேன். மயக்கம் தெளிந்து கண் திறக்கும் முன்பே காதில் விழுந்தது நீங்கள் இங்குள்ள நர்ஸிடம் போட்ட சண்டைதான். "என்கிட்ட சொல்லாதீங்க சிஸ்டர். அவ முழிக்கட்டும், அவகிட்டயே சொல்லுங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, நான் பக்கத்துல நிக்கிறேன்." நர்ஸ் மணியைப் பார்த்துக்கொண்டு முனகியதும் கேட்டது. வேண்டுமென்றே இன்னும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன்.

நீங்களும் பட்டன் கடைக்காரரும் வராந்தா பெஞ்சில், நடுவில் என் செருப்பை வைத்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தீர்களாம். அவர்தான் சொன்னார். "உங்க அண்ணி ரொம்ப ஸ்டிரிக்ட். எனக்குப் பள்ளிக்கூட ஞாபகம் வந்துடுச்சு" என்றார். அவர் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. யோசித்துச் சொல்வேன்.

அண்ணன் தனியாகக் கூப்பிட்டார். ஸ்பீக்கர் இல்லை. "அந்தக் கட்டிலு..." என்று ஆரம்பித்தார். "சரி, உடம்பைப் பார்த்துக்க" என்று வைத்துவிட்டார். பாவமாக இருந்தது, ஆனாலும் நான் பேச்சை எடுத்துக் கொடுக்கவில்லை. கட்டிலை நானே பார்த்துக்கொள்கிறேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடையில் அகலமாக ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். எனக்கு மட்டும்தான் என்றாலும் அகலமாகத்தான் வாங்குவேன்.

உங்கள் படம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் சினைப்பையை இவ்வளவு பெரிதாகப் போட்டால் எந்தப் பரீட்சையிலும் மதிப்பெண் கிடைக்காது, டாக்டரம்மாவிடம் காட்டினேன், அவரே சிரித்தார். புது உருளைகள் கொடுத்துவிட்டார்கள். பழைய சின்ன உருளையைக் கடை அக்கா விடவே இல்லை, அது இல்லாமல் நாடா திருப்ப முடியாதாம். அது எதற்கு என்று அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் மெதுவான குரலில், தனக்கும் நான்கு மாதமாக வெள்ளையாக நிறையப் படுகிறது, நாற்றம் அடிக்கிறது, யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை என்றாள். செவ்வாய்க்கிழமை அவளையும் கூட்டிப் போகிறேன்.

வாரம் மூன்று நாள் செய்கிறேன். கதவைத் தாழ் போட்டு, முழங்காலை மடக்கி, மூச்சு விட்டு. வலிக்கிறது. இரண்டு நாள் அழுதேன், அழுதுவிட்டுச் செய்தேன். அந்தப் பத்து நிமிடம் போகத்தான் மாட்டேன் என்கிறது. பாட்டுப் போட்டுப் பார்த்தேன், சரிப்படவில்லை. இப்போது உங்கள் ஏழாம் தேதிக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். மெதுவாக மூன்று தடவை படித்தால் பத்து நிமிடம் சரியாக வருகிறது.

வாயாடி